மாமனுக்கு ஆகாத பல்

மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது கரண்டியில் ஏதோ தட்டுப்பட்டது. விரலைக் கழுவிவிட்டு வந்து அவளுடைய கீழ் முரசை, பல் முளைக்கும் ஈற்றை, தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மேல் முரசில் அரிசிக் குருணை போல ஒன்று குத்தியது. நம்பாமல் திரும்பவும் கையைக் கழுவி, திரும்பவும் தடவிப் பார்த்தேன். மேலேதான்.

நான் உயர்தரம் வரை படித்தவள். பாலர் பாடசாலையில் படிப்பித்தவள். பல் எங்கே முதலில் வந்தாலும் ஒன்றுதான் என்று தெரியும். இருந்தாலும் குடும்பநல மிஸ்ஸுக்கு தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "பல் வந்தால் சந்தோசப்படுங்கோ பிள்ளை" என்றார். அதன் பிறகுதான் மாமிக்குச் சொல்லப் போனேன்.

மாமி என்பது என் கணவரின் தாயார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்த வாய்க்கால் ஓரக் காணியில் குடியேறிய குடும்பம். அவர் முற்றத்தில் இருந்து செத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். மிளகாய்க் கையோடு பிள்ளையைத் தொட்டுவிடுவாரோ என்று பயந்து நானே மகளின் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினேன்.

"மேலையோ?" அவருடைய முகம் மாறியது. "மேற்பல் முதல் வந்தால் மாமனுக்கு ஆகாது, பிள்ளை." பிறகு எதையோ நினைத்தவர்போல ஆறுதலாகச் சொன்னார்: "நல்லகாலம், உனக்கு அண்ணன் தம்பி ஒருத்தரும் இல்லை. ஆருக்கும் ஒண்டும் வராது."

அவர் அதைக் குத்திச் சொல்லவில்லை. நான் அந்த வீட்டுக்கு வந்ததே ஒருவரும் இல்லாத பிள்ளையாகத்தான். கலியாணத்தன்று மாப்பிள்ளைக்குக் கால் கழுவிவிட எனக்குச் சகோதரன் இல்லாததால், என்னை வளர்த்த சின்னம்மா அயல்வீட்டுப் பெடியனைக் கூட்டிவந்து நிறுத்தினார். அடுத்த வருடம் சின்னம்மாவும் போய்விட்டார். பெண்பகுதி என்று சொல்ல யாரும் மிஞ்சவில்லை.

"எனக்கு ஒரு அண்ணா இருக்கிறார், மாமி" என்றேன்.

இருக்கிறார் என்று ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. இருந்தார் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அவர் உயிரோடு இருக்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் 'ஆருக்கும் ஒண்டும் வராது' என்றதைக் கேட்டதும், எங்கேயோ தூரத்தில் நின்ற அண்ணாவை நானே கையால் அழித்துவிட்டதுபோல இருந்தது.

மாமி சுளகைக் கீழே வைத்தார். பரந்தன் சந்தியில் பஸ் ஏறி முல்லைத்தீவில் இறங்குவதற்குள், பக்கத்தில் இருப்பவர் யாருடைய பிள்ளை, எங்கே பெண் எடுத்தவர், எந்த நாட்டில் யார் இருக்கிறார்கள் என்று முழுவதையும் கேட்டு முடித்துவிடக் கூடியவர் அவர். புதுப் பெண்ணாக வந்த நாட்களில் அந்தக் கேள்விகளுக்குப் பயந்து நான் குசினிக்குள் ஒளித்திருக்கிறேன். அன்றைக்கு ஒளிக்க இடமில்லை.

"எங்கை இருக்கிறான்?"

"சுவிஸுக்குப் போனவர். பிறகு தெரியாது."

"ஏன் போனவன்?"

"அப்பாவோடை சண்டை."

"என்னத்துக்குச் சண்டை? காணியோ? பெட்டை பிரச்சினையோ?"

"பேருக்கு, மாமி."

அந்தச் சண்டையை அதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை. எங்கள் அப்பா மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கலவரத்துக்குப் பிறகு இளந்தாரியாக வன்னிக்கு வந்தார். அவருக்கு வைத்திருந்தது, மலையில் கொழுந்து எடுப்பவர்கள் கல் நட்டுக் கும்பிடுகிற காவல் தெய்வத்தின் பெயர். அந்தப் பெயரைச் சொன்னதும், "எந்தத் தோட்டம்?" என்று கேட்பார்களாம். அதற்குப் பிறகு கதிரையில் இருக்கச் சொல்ல மாட்டார்களாம். அண்ணா பிறந்து சில வருடங்களில் அப்பா அந்தப் பெயரை விட்டுவிட்டு வேறொன்றை வைத்துக்கொண்டார். எந்த ஊரையும் காட்டிக்கொடுக்காத பெயர். அண்ணாவுக்குப் பத்து வயதானபோது பிறந்த எனக்கு அந்தப் புதுப் பெயர்தான் தகப்பன் பெயர்.

அண்ணாவுக்கு அடையாள அட்டை எடுக்கும் வயது வந்தபோது, அதிலும் புதுப் பெயரையே போட வேண்டும் என்றார் அப்பா. நான் சின்னப்பிள்ளை. மேசைக்குப் பக்கத்தில் நின்றேன்.

"உங்கட பேரை நீங்கள் மாத்தலாம்" என்றார் அண்ணா. "என்ரை அப்பான்ரை பேரை நான் மாத்த மாட்டன்."

"அந்தப் பேருக்காக நான் வாங்குன பேச்சு ஒனக்குத் தெரியுமாடா?" அப்பாவுக்குக் கோபம் வந்தால் மலைப் பேச்சு வந்துவிடும்.

அண்ணா அன்றிலிருந்து அப்பாவோடு கதைக்கவில்லை. சமாதானம் என்று பாதை திறந்திருந்த காலம் அது. அம்மா எப்படியோ ஒழுங்கு செய்து அவரை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார். போய்ச் சேர்ந்ததாக ஒரு செய்தி வந்தது. பிறகு நாட்டில் யுத்தம் திரும்பவும் தொடங்கியது. கடைசி மாதங்களில் ஷெல் விழுந்து அப்பாவும் அம்மாவும் ஒரே பங்கருக்குள் போனார்கள். நான் சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு செட்டிகுளத்து முகாமுக்கு வந்தேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கேள்வி வராமல் இருக்க, தகப்பன் பெயராக, சின்னம்மாவின் இறந்துபோன கணவர், சித்தப்பாவின் பெயரைக் கொடுத்தார்கள். கலியாணம் முடித்ததும் அந்த இடத்துக்குக் கணவரின் பெயர் வந்தது. என் பெயருக்கு முன்னால் நின்றவர்கள் அடிக்கடி மாறிக்கொண்டேயிருந்தார்கள்.

"தேடிப் பாக்கேல்லையோ?" என்றார் மாமி.

"தேடினனான். பேஸ்புக்கில எத்தினையோ தரம். அப்பான்ரை பேரைப் போட்டு."

"எந்தப் பேரை?"

"புதுப் பேரை." சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அப்பா பழைய பெயரை வீட்டில் உச்சரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அவர் இல்லாமல் போய் இத்தனை வருடங்களுக்குப் பிறகும் நான் சொல்வழி கேட்கிற பிள்ளையாக அதைத் தொடாமலே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். பெயரை மாற்ற மாட்டேன் என்று வீட்டை விட்டுப் போனவர் எந்தப் பெயரோடு இருப்பார்?

மாமி மிளகாயை விட்டுவிட்டு எழும்பினார். "போனை எடு."

அன்று பின்னேரம் கணவர் வேலையால் வந்ததும் மூன்று பேரும் ஒரு போனுக்கு மேல் குனிந்து இருந்தோம். பழைய பெயரை ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழ்நாட்டில் பாதிப் பேர் வந்து நின்றார்கள். கணவர் சுவிஸையும் சேர்த்து அடித்தார். ஒரு சின்ன ஊரின் காற்பந்துக் கழகத்துப் பக்கம் வந்தது. பெண்பிள்ளைகளின் அணி. முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும் படம். எல்லா முதுகிலும் சின்னச் சின்னப் பெயர்கள். நடுவில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு கறுத்தப் பெட்டையின் முதுகில் மட்டும், ஒரு தோளில் தொடங்கி மற்றத் தோளில் போய் முடிகிற நீளத்துக்கு அந்தப் பெயர். அப்பா எங்கேயும் சொல்லப் பயந்த பெயர். அதை ஒரு பிள்ளை முதுகில் போட்டுக்கொண்டு பந்தடிக்கிறாள்.

படத்தின் கீழே ஒருவர் தமிழில் "என்ரை குஞ்சு" என்று எழுதியிருந்தார். அவருடைய பக்கத்தில் முகம் இல்லை. முருகன் படம்தான் இருந்தது.

என்ன எழுதுவது? தங்கச்சி என்று எழுதி அழித்தேன். காசு கேட்கப் போகிறாள் என்று நினைப்பாரோ? வேறு ஆளாக இருந்தால்? அண்ணாவாகவே இருந்து, எங்களை வேண்டாம் என்று விட்டவராக இருந்தால்? கடைசியில், அம்மா எப்போதோ சொன்ன ஒன்று நினைவுக்கு வந்து, இப்படி எழுதினேன்: "வணக்கம். என்ரை மகளுக்கு மேற்பல் முதல் வந்திருக்கு. மாமனுக்கு ஆகாதாம். நீங்கள் சுகமாய் இருக்கிறீங்களோ?"

"விசரே உனக்கு?" என்றார் கணவர். "முன்பின் தெரியாத ஆளுக்குப் பல்லைப் பற்றி எழுதுறாய்."

"வேறை ஆளெண்டால் விசரி எண்டு நினைச்சிட்டு விடட்டும்."

அடுத்த நாள் காலை, பிள்ளையின் துணி தோய்த்துக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. ஈரக் கையோடு வாசித்தேன்.

"உனக்கும் மேலைதான் முதல் வந்தது. மாமா மலையிலயிருந்து பயந்தடிச்சு ஓடி வந்தவர். அவருக்கு ஒண்டும் நடக்கேல்லை. நீ ஆர்? என்ரை தங்கச்சியோ? அவளும் பங்கருக்குள்ளை போயிட்டாள் எண்டுதானே எனக்குச் சொன்னவை."

என் கையிலிருந்த சட்டை வாளிக்குள் விழுந்தது. நான் பெரிதாகக் கத்தியிருக்க வேண்டும். மாமி ஓடி வந்தார்.

அன்றைக்கே அண்ணா வீடியோவில் வந்தார். தலையில் பாதி முடி இல்லை. கண் அப்பாவுடையது. இத்தனை வருடங்களுக்குப் பிறகு அவர் என்னிடம் முதலில் கேட்டது, "சாப்பிட்டியோ?" என்று. "ஓம், புட்டு" என்றேன். பிறகு இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தோம். மாமி பொறுமை இழந்து போனை வாங்கிவிட்டார்.

"தம்பி, உமக்கு உடம்புக்கு ஒண்டும் இல்லையோ? காய்ச்சல் கீய்ச்சல்?"

"இல்லை அம்மா. போன கிழமை கால் சுளுக்கினது, அவ்வளவுதான்."

மாமி என் பக்கம் திரும்பி, "பாத்தியோ" என்பதுபோல் தலையை ஆட்டினார்.

பிறகு அண்ணா சொன்னார். ஏஜென்சிக்காரன் அவரை வேறொருவனின் பாஸ்போர்ட்டில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறான். அங்கே உன் உண்மையான குடும்பப் பெயர் என்ன என்று கேட்டபோது, ஒரு யோசனையும் இல்லாமல் அப்பாவின் பழைய பெயரைச் சொல்லியிருக்கிறார். "அப்பா கழட்டி எறிஞ்சதை நான் பொறுக்கிக்கொண்டு வந்திட்டன்" என்று சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "கடைசி வரைக்கும் அவரோடை கதைக்காமலே விட்டிட்டன்" என்றார். நான் போனில் பிள்ளையைக் காட்டினேன். 

பல் வந்தால் எங்கள் பக்கத்தில் பல்லுக்கொழுக்கட்டை கொட்ட வேண்டும். தேங்காய்ச் சொட்டைப் பல்லுப் போல வெட்டிக் குத்திய சின்னக் கொழுக்கட்டைகளைப் பிள்ளையின் தலைக்கு மேலே கொட்டி, முன்னால் பரப்பிய சாமான்களில் எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள். இனத்தவர்களான சொந்தக்காரர்கள் எப்போது, எப்போது என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். "மாமன்காரன் வாறான்" என்று மாமி எல்லோருக்கும் அறிவித்தார். "மேற்பல் வந்தால் மாமன் கையாலைதான் கொட்ட வேணும்." இப்படியொரு முறையை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. மாமியிடம் விளக்கம் கேட்கவும் இல்லை.

ஆனால் எனக்கு ஒரு பயம் இருந்தது. வரப்போவது அண்ணா மட்டும் இல்லை, அந்தப் பெயரும்தான். கணவரின் இனத்தவர்கள் நிறைந்த சபையில் அது வெளியே வரும். அப்பா ஒரு வாழ்நாள் முழுக்க மறைத்ததை நான் வீட்டுக்கு அழைத்து உபசரிக்கப் போகிறேன். அது அவருக்குச் செய்யும் துரோகமா? அண்ணா என் தயக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"வேண்டாமெண்டால் சொல்லு. பேரைச் சொல்லாதை எண்டு பிள்ளைக்குச் சொல்லி வைக்கிறன்."

சரி என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். அந்தப் பிள்ளையின் முதுகு நினைவுக்கு வந்தது. அதை எப்படி மறைக்கச் சொல்வது?

"வேண்டாம் அண்ணா. அவள் சொல்லட்டும்."

வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் முடிந்த கிழமை அவர்கள் வந்தார்கள். அண்ணிக்கு லீவு கிடைக்கவில்லை. அண்ணாவும் மகளும் மட்டும். அதற்குள் என் மகளுக்கு மேலும் கீழுமாகப் பல் நிறைந்து, அவள் சுவரைப் பிடித்து நடக்கவும் தொடங்கியிருந்தாள். "கலியாணத்தோடை சேத்துக் கொட்டலாம்" என்று கணவர் பகிடி விட்டார்.

வீடு நிறையச் சனம். அண்ணா வாசல் பக்கமாக நின்றுகொண்டிருந்தார். எல்லாக் கதிரையிலும் ஆட்கள். கணவரின் பெரியப்பா, இரட்டைப் பின்னல்காரியைக் கூப்பிட்டு, "பிள்ளை ஆர்? உன்ரை பேர் என்ன?" என்று கேட்டார்.

அவள் வகுப்பில் எழும்பி நிற்பவள்போல நிமிர்ந்து நின்று தன் பெயரைச் சொன்னாள். பிறகு, அதோடு சேர்த்து, அந்த நீளமான பெயரையும் ஓர் எழுத்து விடாமல் சொன்னாள். "இது என்ரை தாத்தான்ரை பேர்" என்றாள். அவளுடைய தமிழில் சுவிஸ் கொஞ்சம் கலந்திருந்தது. பெயரில் மட்டும் கலக்கவில்லை.

சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. "மலைநாட்டுப் பேர் போலை கிடக்கு" என்றார் பெரியப்பா.

"ஓம் ஐயா, மலைநாடுதான்" என்றார் அண்ணா.

 குசினிக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்கு முன் மாமியின் குரல் கேட்டது.

"என்ரை மருமகளின்ரை அப்பான்ரை பேர் அது. இது அவளின்ரை கூடப்பிறந்த அண்ணன். கதிரையை விடுங்கோ ஆராவது, மாமன்காரன் எவ்வளவு நேரமாய் நிக்கிறார்!"

பெரியப்பாவே எழும்பித் தன் கதிரையை இழுத்துப் போட்டார். "இரும் தம்பி, இரும்." அண்ணா இருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அப்பாவைத்தான் நினைத்தேன். அவர் கோபப்பட்டிருப்பாரா என்று இப்போதும் சில வேளை யோசிக்கிறேன். அந்த நேரம் யோசிக்கவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

பிள்ளையைப் பாயில் இருத்தி, தலையில் வெள்ளைத் துணியைப் பிடித்தோம். அண்ணா சுளுக்கு மாறிய காலை மடித்து முழந்தாளிட்டுக் கொழுக்கட்டைகளைக் கொட்டினார். அவை பாயெல்லாம் உருண்டன. முன்னால் புத்தகம், பேனை, காப்பு, ஒரு பெட்டியில் நெல். எடு, பேனையை எடு என்று நான் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவள் எதையும் பார்க்கவில்லை. புதிதாக வந்த மனிதரையே பார்த்தாள். அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனாள். அண்ணா உருகிப்போய்க் கையை விட்டுக்கொடுத்தார்.

"ஆ!" என்று கத்திக்கொண்டு விரலை இழுத்தார். விரலில் மேற்பல்லின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

மாமி சபை முழுவதையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"நான் சொன்னனான்தானே, மாமனுக்கு ஆகாதெண்டு!"