லைவ் பாஸ்கல்

பாஸ்கலுக்கு ஐம்பத்து மூன்று வயது. திண்டுக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் கடை உண்டு. கடையை அவர் மனைவி வினோலியா பார்த்துக்கொண்டார். பாஸ்கல் ஊரைப் பார்த்துக்கொண்டார். முதலில் மாதா கோயில் பாடகர் குழுவில் சேர்ந்தார், வாயைத் திறந்து பாடியதால் வெளியே அனுப்பினார்கள். அப்புறம் திருவிழா மைக்கைப் பிடித்தார். ஒரு வருடம் சாமியாருக்கே மைக் கிடைக்காமல் போனதும் அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். கடைசியில் ஸ்மார்ட்போன் வந்துதான் மனுஷனைக் காப்பாற்றியது.

அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவர் குவைத்திலோ மஸ்கட்டிலோ இருந்தார்கள். இங்கே ஒரு சாவு விழுந்தால், வரமுடியாதவர்களுக்கு வீடியோ கால் போட்டு, பெட்டி குழிக்குள் இறங்கும்வரை காட்ட ஒரு ஆள் வேண்டும். பாஸ்கல் அந்த ஆளானார். காசு வாங்கமாட்டார். போனைத் தூக்கிப் பிடித்து நடந்தால் கூட்டம் விலகி வழிவிடுமே, அது போதும் அவருக்கு. ‘லைவ் பாஸ்கல்’ என்று ஊர் கேலியாக வைத்த பேரைப் பட்டம் மாதிரி சுமந்தார்.

போன் மட்டும் ஒத்துழைக்கவில்லை. பத்து நிமிஷம் பேசினால் தோசைக்கல்லாகச் சுட்டது. காலையில் நூறு இருந்த சார்ஜ் காப்பி குடித்து முடிப்பதற்குள் நாற்பதுக்கு வந்தது. பாஸ்கல் சும்மா இருப்பாரா? சூட்டைக் குறைக்க ஒரு ஆப், அந்த ஆப் வேலை செய்கிறதா என்று பார்க்க இன்னொன்று, பேட்டரியை மிச்சம் பிடிக்க இரண்டு என்று இறக்கி வைத்தார். அதில் ஒன்று திரையில் நீலநிற ஃபேன் ஒன்றைச் சுற்றவிடும். அது சுற்றுவதைப் பார்த்தாலே அவருக்குக் காற்று வந்தது.

செல்போன் ரிப்பேர் கடை சூர்யகலா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அண்ணே, இந்த நாலு ஆப்புந்தேன் பாதி சார்ஜத் திங்குது. மொதல்ல அதுகள அழிங்க. சார்ஜுல போட்டுக்கிட்டே வீடியோ பேசாதீங்க. இம்புட்டு வெளிச்சம் வேணாம், கொறைங்க. இந்த ரப்பர் ஒறையக் கழட்டுங்க, சூடு எப்பிடி வெளிய போகும்? பேட்டரி வேற லேசா உப்பிருச்சு, மாத்தியே ஆகணும். சூடாயிருச்சுன்னு பிரிட்ஜுல கிரிட்ஜுல வச்சுராதீங்க. உள்ள வேர்த்துத் தண்ணி கோத்துக்கும்.”

“ஏத்தா, அம்பது அடக்கம் காட்டுன ஆளு நானு. எனக்கே பாடமா?” என்ற பாஸ்கல், புதிதாக ஒரு கண்ணாடி ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மே மாதம் அடுத்த வீட்டு அல்போன்சா இறந்துபோனார். மகன் பிராங்கிளின் உள்ளூரில் இருந்தான். மகள் ஐரின் நாலு வருடத்துக்கு முன், அண்ணன் பேச்சை மீறி, வீட்டு வேலைக்குக் குவைத் போனவள். அன்றிலிருந்து அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சில்லை. அம்மாவிடம் பேசுவதென்றாலும் பாஸ்கலின் போனில்தான் பேசுவாள். அவள் சொன்னதை அவனிடமும் அவன் சொன்னதை அவளிடமும் பாஸ்கல்தான் உப்புக் காரம் சேர்த்துக் கொண்டுசேர்த்தார். அடக்கத்துக்கு வர முதலாளியம்மா விடுப்புத் தரவில்லை. “மாமா, அம்மா மொகத்த மூடுறதுக்கு முன்னால ஒருக்கா நல்லாக் காட்டிருங்க, அது போதும்” என்று ஐரின் அழுதாள்.

பந்தலுக்கு நடுவே ஐஸ் பெட்டிக்குள் அல்போன்சா கிடந்தார். பாஸ்கல் காலையிலேயே பவர் பேங்கைச் சொருகி, வெளிச்சத்தை முழுசாக வைத்து, வெயிலில் நின்று, வந்த மாலைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் ஐரினுக்குக் காட்டினார். அவள் கேட்ட முகத்தைக் கடைசிக்கு வைத்திருந்தார். பத்தரை மணிக்குப் போன் மிகவும் சூடாகிவிட்டது, ஆறும்வரை கேமரா இயங்காது என்று திரையில் எழுத்து வந்தது. ஃபேனைச் சுற்றவிட்டார், ஊதினார், வேட்டியால் விசிறினார். ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் அவர் கண் ஐஸ் பெட்டிமேல் விழுந்தது.

மாலையைச் சரிசெய்கிற மாதிரி மூடியைத் தூக்கி, செத்தவரின் கால்மாட்டில் போனை வைத்து மூடினார். “பாஸ்கலுக்கு எம்புட்டுப் பாசம் பாரு” என்று ஒரு அம்மா மூக்கைச் சிந்தினார். கால் மணி நேரம் கழித்து எடுத்தபோது போன் ஜில்லென்று இருந்தது. பாஸ்கல் பெருமையோடு வெயிலுக்கு வந்தார். திரையெங்கும் வேர்த்தது, கேமராக் கண்ணாடிக்குள் வெள்ளையாகப் பனி படர்ந்தது, ஒருமுறை மினுக்கென்றது. அதோடு சரி.

நேர்மையான மனுஷனென்றால் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பான். பாஸ்கல் திரையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். செத்த போனைத் தூக்கிப் பிடித்தபடி கோயிலுக்குப் போனார், பூசை முழுக்கப் பிடித்தார், கல்லறை வரைக்கும் பிடித்தார்.

“தங்கச்சி பாக்குதா மாமா?” என்று பிராங்கிளின் கேட்டான்.

“பாத்துக்கிட்டுத்தான இருக்கு மாப்ள. ஏங்கி ஏங்கி அழுகுது.”

குழியருகே பெட்டிக்கு ஆணி அடிக்கத் தொடங்கியபோது பிராங்கிளினின் போனுக்கு வீடியோ கால் வந்தது. கண்ணாடி உடைந்த பழைய போன், சூட்டைக் குறைக்கும் ஆப் எதுவும் இல்லாதது. எடுத்தால் திரையில் ஐரின்.

“அண்ணே, ரெண்டு மணி நேரமா ஒண்ணுமே தெரியலண்ணே. அம்மா மொகத்த மூடிட்டாங்களா?”

பிராங்கிளின் பாஸ்கலைப் பார்த்தான். திட்டக்கூட அவனுக்கு நேரமில்லை. “ஆணியப் புடுங்குங்கப்பா, எந்தங்கச்சி பாக்கணும்” என்று கத்தினான். முணுமுணுத்துக்கொண்டே திறந்தார்கள். “போனு சூடாயிரும், யாராச்சும் குடை புடிங்க” என்றான். பக்கத்தில் குடையோடு நின்ற அம்மா அதைப் பாஸ்கல் கையில் திணித்தார். இரண்டு நிமிஷம் ஐரின் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அங்கே அழாதவர் யாருமில்லை; பாஸ்கலும் நிஜமாகவே அழுதார்.

மூடியபிறகு அவள் மெல்லக் கேட்டாள். “அண்ணே, செத்தாலும் எங்கூடப் பேசமாட்டேன்னு சொன்னயாம்ல?”

“நான் எங்க சொன்னேன்? எனக்கு அண்ணனே இல்லன்னு நீதான சொல்லிவிட்ட?”

“நான் சொல்லலண்ணே. வாரா வாரம் மாமாகிட்ட உன்னத்தேன் கேட்டேன்.”

பிராங்கிளின் போனைப் பாஸ்கல் பக்கம் திருப்பினான். திரையில் அழுது வீங்கிய முகம் பாஸ்கலையே பார்த்தது.

“மாமா” என்றாள் ஐரின்.

குடைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது பாஸ்கலுக்கு. ஆனால் குடையை நகர்த்தினால் போனில் வெயில் விழும்.