பிஸ்கட்டின் வால்

வெள்ளாட்டுக்கு வால் நிமிர்ந்திருக்கும், செம்மறிக்குத் தொங்கும். கீரப்பாளையத்தில் பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் நான் படித்த முதல் விஞ்ஞானம் இதுதான். பிஸ்கட்டின் வால் காலையில் நிமிர்ந்திருக்கும், மத்தியானம் தொங்கிப்போகும். எல்லா வம்பும் அதிலிருந்து வந்தது.

அறுப்பு முடிந்த வயலில் எருவுக்காகச் செம்மறிக் கிடை போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஊரில் இலவசக் கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த வருஷம், தெற்கேயிருந்து மந்தையோடு வந்தவர்கள் பெரியப்பா வயலில் ஒரு வாரம் தங்கினார்கள். பெரியப்பாவின் வெள்ளாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய், இரண்டு நாள் அந்த மந்தையோடு திரிந்துவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல வீடு திரும்பியது. அது சினை என்று தெரிந்ததும், பிறப்பது கிடாவாக இருந்தால் என் காதுகுத்துக்கு முனீஸ்வரனுக்கு வெட்டுவதாகப் பெரியப்பா வேண்டிக்கொண்டார். அப்பன் யாரென்று விசாரிக்க அவருக்குத் தோன்றவில்லை.

பிறந்தது கிடாதான். முகம் வெள்ளாடு, காது செம்மறி, நிறம் பிஸ்கட், அதனால் பெயரும் பிஸ்கட். கத்தினால் தொண்டை கட்டிய வாத்தியார் பாடம் நடத்துவது மாதிரி இருக்கும். இப்படிக் கலந்து பிறப்பது அபூர்வம், பிறந்தாலும் தங்காது என்றார் மாட்டு டாக்டர். பிஸ்கட் தங்கியது. பக்கத்து ஊர்க்காரர்களெல்லாம் வேலை வெட்டியை விட்டுவிட்டு சைக்கிளில் வந்து பார்த்துப் போனார்கள்.

அப்பாவுக்குக் கடலூர் சிப்காட்டில் வேலை. நாங்கள் அங்கே வாடகை வீட்டில் இருந்தோம். லீவு விட்டால் கீரப்பாளையம். ஏழு வயதாகியும் எனக்குக் காது குத்தவில்லை. ஏன் என்று கேட்டால் அம்மா அப்பாவைப் பார்ப்பாள், அப்பா செருப்பைத் தேடுவார். அம்மாவுக்குப் பிச்சாவரம் பக்கம், மீன்பிடிக்கிற குடும்பம். யார் சம்மதமும் இல்லாமல் செய்துகொண்ட கல்யாணம். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மாமா எங்கள் குலசாமி கோயிலில் வந்து உட்காருவதைப் பங்காளிகள் ஒப்பவில்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. பெரியப்பா அம்மாவிடம் நேரே பேசமாட்டார் என்பது மட்டும் அப்போதே தெரியும். "அவுங்கள சாப்புடச் சொல்லு" என்று என்னிடம் சொல்வார். அம்மா இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பாள்.

அடுத்த மே மாத லீவில் ஒருவழியாகக் காதுகுத்துக்கு நாள் பார்க்கப் பங்காளிகள் கூடினார்கள். அதற்குள் பிஸ்கட் என் பின்னாலேயே சுற்றப் பழகியிருந்தது. அதை வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கூட்டத்தில் மூத்த பங்காளி ஒருவர் தலையை ஆட்டினார். "இது வெள்ளாடும் இல்ல, செம்மறியும் இல்ல. கலந்து பொறந்தத சாமி ஏத்துக்காது."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நடுவில் போய் நின்றேன். "ஆமா தாத்தா, கலந்து பொறந்தது சாமிக்கு ஆவாது. கோயிலுக்குள்ளயே வுடக் கூடாது."

தாத்தா என்னையே பார்த்தார். சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன். டீ கொண்டுவந்த அம்மா, டம்ளர்களை அப்படியே கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா எழுந்தார். "எங்க கொட்டாயில பொறந்துது, எங்க ஆடுதான். வால் எப்பிடி இருந்தா யாருக்கு என்னா?"

எங்கள் ஆடு என்றால் வெட்டுவார்களே என்று எனக்கு உயிரே போயிற்று. அவர் என்னைப் பார்த்து, "புள்ள ஆசையா வளக்குது, இத வெட்ட மாட்டேன். சாமிக்கு வேற கிடா வரும்" என்றார். பிறகு வாசற்படியில் நின்று, உள்ளே பார்த்து, "உங்க அண்ணன் வூடு எந்தத் தெருவும்மா?" என்று கேட்டார். அம்மாவிடம் அவர் நேரே பேசிய முதல் வார்த்தை அது. அப்பாதான் சொன்னார். பிச்சாவரம் பக்கம் ஆடு மலிவு போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பெரியப்பா ஓட்டிப்போன டிவிஎஸ் ஃபிப்டி திரும்பி வந்தபோது பின்னால் மாமா இருந்தார், தாய்மாமன் சீராக மடியில் ஒரு கிடாவோடு. அதன் வால் நேராக நிமிர்ந்திருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கிடாவுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. காதுகுத்தன்று குழம்பு நன்றாக இருந்தது.

பங்காளிகளில் இரண்டு குடும்பம் அன்று சாப்பிடாமல் போனது. அதற்கப்புறம் அவர்கள் வீட்டு விசேஷம் எதற்கும் பெரியப்பாவுக்குப் பத்திரிகை வந்ததில்லை. அதை ஒருநாளும் அவர் எங்களிடம் சொல்லிக் காட்டியதில்லை. அவரை நினைத்தால் இப்போதும் என் கை தானாகக் காதுக்குப் போகிறது. அவர் இருக்கும்போதே இதைச் சொல்லியிருக்கலாம். அவருக்கும் அதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்திருக்கும்.

காது குத்தியது எனக்கு, அழுதது அம்மா. மாமா மடியில் உட்கார்ந்தபடியே, இவ்வளவு பெரியவளுக்கு இதுகூடப் புரியவில்லையே என்று நான்தான் அவளுக்குச் சமாதானம் சொன்னேன்.

"அழுவாதம்மா. அதான் பிஸ்கட்ட வெட்டலியே."