நான்காவது பிரதி

கொடுத்தது நான்கு வழவழப்புத் தாள்கள். கைக்கு வந்தது மூன்று பிரதிகள். தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது அழகுமுத்து மடியிலிருந்த உறையை மறுபடி மறுபடி திறந்து பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு தாள் மெசினில் சிக்கிக் கிழிந்துவிட்டது, எறிந்துவிட்டேன் என்று எல்லோரும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் போட்டோ கொப்பிக் கடை நஸார் சொல்லியிருந்தார். ஆனால் கடையின் குப்பைக் கூடையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. அழகுமுத்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. இலங்கையின் வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்தது. மலைநாட்டிலும் ஒரு சுருள் வயரோடு பிடிபட்டவன் அது எதற்கு என்று பொலிஸில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அழகுமுத்துவின் வீட்டிலோ வயர் மட்டுமல்ல, செம்புத் தகடு ஒட்டிய பலகைகள், கொழும்பிலிருந்து வாங்கி வந்த மண்ணிறத் தூள், கட்டிலுக்கடியில் பழைய பற்றரிகள் என்று எல்லாமே இருந்தன.

திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிற்சாலையில் அவர் மின்வேலைக்காரர். பழுதான ரேடியோக்களைப் பிரித்துப் பார்த்தே தொழில் படித்தவர். மழை பிடித்தால் தொழிலாளர் லயத்து வீடுகளில் கரண்டு போய்விடும். அதனால் கரண்டு போனதும் தானாக எரிகிற சிறு விளக்குகளைச் செய்து கொடுத்தார். முதலில் செம்புப் பலகையில் தீக்குச்சியால் பெயின்ட் தொட்டுக் கோடு வரைந்தார். கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிறகு ஒரு பழைய சஞ்சிகையில் வேறு வழி கண்டார். மின்சுற்றுப் படத்தை மெல்லிய தாளில் வரைந்து, தாளைத் திருப்பி வைத்து, வழவழப்புத் தாளில் பிரதி எடுக்க வேண்டும். அந்தப் பிரதியைச் செம்பின் மேல் கவிழ்த்து அயன் பண்ணினால் கருப்பு மை உருகிச் செம்பில் ஏறிவிடும். தண்ணீரில் ஊறவைத்துக் கடதாசியைப் பெருவிரலால் தேய்த்து எடுத்த பின், பலகையை அந்த மண்ணிறத் தூளின் கரைசலில் போட்டால் மை மூடாத செம்பு கரைந்துபோகும். அயனை எவ்வளவு நேரம் அழுத்துவது என்று கண்டுபிடிக்கப் பதினேழு பலகைகளைக் கெடுத்தார்.

அந்த வாரம் முழுவதும் நான்காவது பிரதிதான் மனதில் நின்றது. தலைகீழாகத் தெரியும் கோடுகளும் எண்களும் பொலிஸ் கையில் கிடைத்தால் என்ன நினைப்பார்கள்? கையில் ஏறிய மண்ணிறக் கறை என்ன என்று தோட்டத்து மேற்பார்வையாளர் கண்டாக்கு ஐயா கேட்டபோது, தேயிலைக் கறை என்று பொய் சொன்னார். பக்கத்து வீட்டு வீரய்யா இரண்டு நாளாகச் சிரிக்கவில்லை என்பதையும் கவனித்து வைத்தார். மனைவி யோகராணிக்குப் பொறுமை போய்விட்டது.

"தாள் சிக்கிருச்சின்னா சிக்கிருச்சிதான். நஸார் நானா ஒங்க படத்த வச்சி என்ன வடையா சுடப் போறாரு?"

சனிக்கிழமை காலை ஜீப் வந்தது. ஓர் இன்ஸ்பெக்டர், தமிழ் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள். அவரைப் பற்றிப் பெயர் போடாத மொட்டைப் பெட்டிசம் வந்திருக்கிறதாம். சாமான்கள் எல்லாம் முற்றத்துக்கு வந்தன. அழகுமுத்து ஒரு விளக்கை மாட்டி, மெயின் சுவிட்சை அணைத்துக் காட்டினார். விளக்கு எரிந்தது. இன்ஸ்பெக்டர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். தானாக விளக்கை எரிய வைப்பது வேறெதையும் எரிய வைக்குமே என்கிறார் சேர் என்று கான்ஸ்டபிள் சொன்னார். இந்த வேலை வேறு யாருக்குத் தெரியும் என்றும் கேட்டார்.

அழகுமுத்து அந்த இடத்தில்தான் தவறினார். நஸாரின் பெயரைச் சொன்னால், பெட்டிசம் போட்டது அவர்தானா என்பது இவர்கள் முகத்தில் தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டார்.

"தலவாக்கலை நஸார் நானாகிட்ட ஒரு காப்பி இருக்குங்க சேர்."

முகங்கள் மாறத்தான் செய்தன, ஆனால் அவர் நினைத்தபடி இல்லை. இன்ஸ்பெக்டர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து பெயரை எழுத்துக்கூட்டி எழுதினார். அவர்களுக்கு நஸார் என்று ஒருவர் இருப்பதே தெரிந்திருக்கவில்லை.

பிரதிகள் இருந்த உறையோடு அழகுமுத்துவையும் ஜீப்பில் ஏற்றித் தலவாக்கலைக்குப் போனார்கள். கடையில் நஸார் எதையும் மறைக்கவில்லை. தாள் சிக்கியது, வெளியே வந்த பகுதியைப் பின்னால் அடுப்பில் போட்டு எரித்துவிட்டேன் என்றார். ஏன் எரித்தாய் என்ற கேள்விக்கு அவர் அழகுமுத்துவைப் பார்த்தே பதில் சொன்னார்.

"இந்தப் படம் குப்பையில கெடந்து யாராச்சும் எடுத்தா இவருக்குத்தானே கரைச்சல்."

எரித்தவனிடம் மறைக்க ஏதோ இருந்திருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் முடிவு கட்டினார். நஸாரை ஜீப்பில் ஏறச் சொன்னார். நஸார் மேசை லாச்சியைப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

அழகுமுத்துவின் கண் மேசையில் கிடந்த ஒரு பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியில் விழுந்தது. இடது ஓரத்தில் கருப்புத் தீற்றல். நான்கு விரல் இறங்கி மறுபடி அதே தீற்றல். இன்னும் கீழே மறுபடி. சுற்றுகிற ஒன்றில் ஏதோ ஒட்டியிருந்தால் மட்டுமே இப்படி வரும்.

"மெசின தெறக்க விடுங்க சேர். மிச்சத் துண்டு உள்ளதான் இருக்கு."

அனுமதி கிடைத்ததும் பின்மூடியின் திருகாணிகளைக் கழற்றினார். மையை உருக்கும் சூட்டு உருளை விரலைச் சுட்டது. உருளையின் ஓரத்தில் விரலகலத்துக்கு வழவழப்புத் தாள் உருகி ஒட்டியிருந்தது. மெதுவாக உரித்து எடுத்து, தன்னிடமிருந்த பிரதியின் மேல் வைத்தார். கோடு கோட்டில் பொருந்தியது. இன்ஸ்பெக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு நஸாரைக் கொண்டுபோகாமல், இருவரிடமும் வாக்குமூலம் எழுதி வாங்கி, விளக்கையும் பலகைகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெட்டிசம் யார் போட்டது என்று அழகுமுத்துவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஜீப் மறைந்த பிறகு அழகுமுத்து மன்னிப்புக் கேட்க வாய் திறந்தார். நஸார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒண்டு மட்டும் சொல்லுங்க தம்பி. அடிப்பாங்கன்னு பயந்து என்ட பேர சொன்னீங்களா, என்ன சந்தேகப்பட்டு சொன்னீங்களா?"

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது.

"சந்தேகப்பட்டுத்தான் நானா."

"பயந்துன்னு சொல்லியிருந்தா இன்டைக்கே மறந்திருப்பேன்" என்றார் நஸார்.

அவர் குனிந்து திருகாணிகளைப் பொறுக்கி, மெசினின் பின்மூடியைத் தானே மாட்டத் தொடங்கினார். மேல் விளிம்பை முதலில் செருக வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. மூடி சரிந்து சரிந்து விழுந்தது. அழகுமுத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நஸார் அவரைக் கூப்பிடவில்லை.