வாட்ச்மேனின் சந்தோஷம்

மதுரையில் நான் குமாஸ்தாவாக இருந்த நூற்பாலையில் ஒரு வாட்ச்மேன் இருந்தார். நெற்றியில் விபூதியோடு பரம சாதுவாகத் தெரிவார். காலைச் சங்கு ஓய்ந்ததும் கதவை இழுத்து மூடுவார். ஓடிவந்த யாராவது வெளியே மாட்டிக்கொண்டால் அவர் முகம் மலர்ந்துவிடும். அன்று முழுவதும் எல்லோரிடமும் அன்பாகப் பேசுவார்.

எல்லோரும் நேரத்துக்கு வந்துவிட்ட நாளில்தான் ஆபத்து. சாயங்காலம் சோதனை என்று சொல்லி எல்லோரையும் வெகுநேரம் வரிசையில் நிறுத்திவிடுவார். கைக்குழந்தையை வீட்டில் விட்டு வந்த பெண்கள் கெஞ்சினாலும் விடமாட்டார்.

அதனால் தொழிலாளிகள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். தினமும் ஒருவர், முறைவைத்து, வேண்டுமென்றே பிந்தி வருவார். கதவுக்கு வெளியே நின்று கெஞ்சிவிட்டு, அன்றைய கூலியை இழந்து திரும்பிப் போவார். ஆலையில் நிம்மதி வந்தது.

பெண்டாட்டி சீக்காய்க் கிடந்த உசிலம்பட்டிக்காரர் ஒருவர், தன் முறை வந்தபோது உண்மையாகவே அழுதார். எனக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணே, உங்களுக்காகத்தான் இவுக வேணும்னே லேட்டா வாராக. தெரியுமா?” என்று வாட்ச்மேனிடம் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை.

“ஆரம்பத்துலயே தெரியும் தம்பி. முன்னெல்லாம் வெளிய நிக்கிறவன் மூஞ்சிய மட்டுந்தான் பாப்பேன். இப்ப உள்ள போறவுக மூஞ்சியையும் பாக்குறேன். நமக்குப் பதிலா அவன் நிக்கிறானேன்னு அம்புட்டுப் பேரும் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போறாக. அது இன்னும் நல்லாருக்கு.”

தன் சந்தோஷம் எதில் இருக்கிறது என்று இவ்வளவு தெளிவாக அறிந்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை. அந்தத் தெளிவு ஞானிகளுக்குத்தான் வாய்க்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.