எதற்கெடுத்தாலும் அடித்த மணி

டிங்!

கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்ப்பவனுக்கு மெஷின் கண்ணில் படுமுன் அதன் மணி காதில் விழுந்துவிடும். இராப்பணியில் தூக்கத்தைத் தொலைத்த நண்பர்களே, உங்களுக்கும் இப்படியொரு மணி வாய்த்திருக்கும். எழுபதுகளில் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றில், பேச்சுத்துணை இல்லாமல் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்த நான், பழைய கையேடுகளைப் புரட்டியே புரோகிராம் எழுதக் கற்றேன். ஸ்டோர்ஸ் சரக்கிருப்புக்கு நான் எழுதியதை மேனேஜர் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தார். "மூணு மாசம் பாப்பேன். சரிப்படலேன்னா நீ பாய்லருக்கே போயிடு."

ஒரே மணி

காகிதம் தீர்ந்தால் மணி, வேலை முடிந்தால் மணி, துளை தப்பாக விழுந்த பஞ்ச் அட்டை வந்தாலும் அதே மணி. ஒருநாள் தப்பு அட்டைகள் வரிசையாக உள்ளே போக, ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வரும் ஆபரேட்டர் முனிரத்தினம் பக்கத்திலேயே நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தான். கத்தினேன். அவன் அசரவில்லை.

"எல்லாத்துக்கும் ஒரே மணி அடிச்சிக்கினு இருந்தா காது இன்னாண்ணே பண்ணும்? என் சம்சாரங்கூட கோவத்துக்குன்னு தனியா ஒரு குரல் வெச்சிருக்கா."

முந்திக்கொண்ட விரல்

மறுநாளே, தப்புக்கு மட்டும் மணி என்று மாற்றினேன். அடுத்த பேஜாரு, கணக்கைப் பதிந்துவைக்கும் டேப்பில் வந்தது. எந்த டேப்பை அழிப்பதானாலும், 'அழிக்கலாமா?' என்று மெஷின் டைப் அடித்துக் கேட்கும்; ஆமாம் என்று ஒரு எழுத்தைத் தட்டினால் போதும். தட்டித் தட்டிப் பழகிப்போன இன்னொரு ஆபரேட்டர் விமலா அக்கா, மேனேஜர் வைத்த கெடு முடிய ஒரு வாரம் இருக்கையில், ஸ்டோர்ஸ் டேப்பையே அழித்துவிட்டார். நல்லவேளை, பஞ்ச் அட்டைகள் பெட்டியில் பத்திரமாக இருந்தன. முனிரத்தினம் தன் ரயிலை விட்டுவிட்டு உட்கார்ந்தான். மூவருமாக எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினோம். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் அழிக்கல தம்பி. அது கேட்டு முடிக்கறதுக்குள்ள விரல் தானா பதில் சொல்லிடுச்சு."

கெடு நாள்

கேள்வியையே மாற்றினேன். அழிக்க வேண்டுமானால் டேப்பின் பெயரை முழுசாக அடிக்க வேண்டும். அதற்கு, மாட்டியிருக்கும் டேப்பின் சீட்டைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும். கெடு நாளன்று மேனேஜர் பின்னால் வந்து நின்றார். அந்தப் பதற்றத்தில் முனிரத்தினம் அழிக்கவேண்டிய பழைய டேப்புக்குப் பதில் ஸ்டோர்ஸ் டேப்பை மாட்டிவிட்டான். பெயரடிக்கச் சீட்டைப் பார்த்த அக்காவின் கை அப்படியே நின்றது. "டேய் முனி, இது ஸ்டோர்ஸுடா!"

மேனேஜர் மெதுவாகச் சிரித்தார்.

"பாய்லருக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்யா."

புரோகிராம் எழுதியவன் என்று பேர் எனக்கு, எழுத வைத்தது முனியின் காதும் அக்காவின் விரலும் என்று நெஞ்சு நிறைய நினைத்தபடி, இப்போதெல்லாம் மணியடிக்காமலே தீர்ந்துபோகும் காகிதத்தை மாற்ற எழுந்து போனேன்.