இரண்டால் பெருக்கிய ஜேர்மனி

ஜேர்மனியை நான் ஒரு தடவை முழுதாகக் கடந்திருக்கிறேன். படுத்தபடி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு லொறியின் பின்பக்கத்தில், சுருட்டிய கம்பளங்களுக்குக் கீழே. வெளியே மலை இருந்ததா, ஆறு இருந்ததா, பகலா, இரவா, ஒன்றும் தெரியாது. அந்த நாட்டின் தெருக்களில் பள்ளம் கிடையாது என்பது மட்டும் தெரியும். அதை முதுகு சொன்னது.

2016 வசந்தத்தில் ஒரு ஞாயிறு, சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து, மகள் ஒரு செய்தி சொன்னாள். பரீட்சை முடிய, ஜூலையில், ஜேர்மனியின் நாட்டுப்புறத்தில் ஒரு கிழமை சைக்கிள் ஓடப் போகிறாளாம். கூட வருவதாக இருந்த சிநேகிதி மாட்டேன் என்றுவிட்டாளாம்.

"நான் வாறன்," என்றேன். "எனக்கு அந்த நாட்டிலை முன் அனுபவம் இருக்கு."

பகிடிக்குத்தான் சொன்னேன். நான் வாய் திறந்தாலே பகிடி என்று வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொள்வதால், எதையும் யோசிக்காமல் சொல்லிவிடுவது என் வழக்கம். அவள் அன்றைக்கென்று பகிடியாக எடுக்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சரி. ஆனால் பாதையை நீங்கள்தான் போடவேண்டும். ஜூன் நடுப்பகுதிக்குள். இல்லாவிட்டால் நான் தனியே போவேன்."

இதைப் பிரெஞ்சில் சொன்னாள். நாங்கள் தமிழில் கேட்பதும் அவள் பிரெஞ்சில் பதில் சொல்வதும் எங்கள் வீட்டுச் சட்டம். அவள் சொன்னதையெல்லாம் நான்தான் இங்கே தமிழாக்கித் தருகிறேன்.

ஓகஸ்ட் கடைசியில் அவள் படிப்புக்கென்று துலூஸ் போகிறாள். நானோ பாரிஸில் ஒரு உணவகத்தில் குளிர்ந்த கோப்பைகள், அதாவது சலாட் தட்டுகள், போடுகிறவன்: மதியச் சேவை, இரவுச் சேவை, நடுவில் மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை 'கூப்பூர்' என்ற இடைவெளி. நான் வெளிக்கிடும்போது அவள் பள்ளிக்கூடம்; நான் புறநகரில், கார்ஜ் லே கொனெஸில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும்போது அவள் நித்திரை. பதினெட்டு வருடத்தில் அவளோடு ஒரு முழுக் கிழமை இருந்தது, இரண்டு பேருக்கும் ஒன்றாகக் கொப்பளிப்பான் அம்மை வந்தபோது மட்டும்தான். அதற்குப் பிறகு இதுதான். இதைத் தவறவிட்டால் அடுத்தது அவளுடைய கலியாணக் கிழமையாக இருக்கும். அதிலும் நான் சமையல் பக்கம்தான் நிற்பேன்.

ஆகவே போவதென்று தீர்மானித்தேன். தீர்மானித்த மறுநிமிடமே பயம் பிடித்தது. நான் கடைசியாகச் சைக்கிள் மிதித்தபோது எனக்குத் தலை நிறைய மயிர் இருந்தது.

மயிர் என்றதும் என் அலுவலகத்தைச் சொல்லவேண்டும். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு சலூன். வெட்ட ஒன்றும் மிச்சமில்லாவிட்டாலும் கூப்பூர் நேரத்தில் அங்கேதான் குந்தியிருப்பேன். சலூன்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் யார் எங்கே போனாலும் வந்தாலும் அவருக்குத் தெரியவேண்டும்.

"அண்ணை, நான் சைக்கிளிலை ஜேர்மனி போறன்."

கத்தரிக்கோல் நின்றது. "ஏன் தம்பி, பேப்பர் ஏதும் பிரச்சினையோ?"

"பிரெஞ்சுப் பாஸ்போட் இருக்கண்ணை. இது உல்லாசப் பயணம்."

"உல்லாசத்துக்கு ஆர் மிதிப்பான்? உல்லாசம் எண்டால் இருந்து போறது."

"சைக்கிளிலையும் இருந்துதானே அண்ணை போறது."

"போய் ரெண்டு நாளாலை வந்து சொல்லும், இருந்து போறதோ எண்டு."

கதிரையில் இருந்தவர் பாதி வெட்டிய தலையோடு சிரித்தார். அவரைச் சிரிக்கவைத்த சந்தோஷத்தில் பயம் கொஞ்சம் இறங்கியது. சலூன்காரர் போன வருடத்துக் கலண்டர் ஒன்றைக் கழற்றி, பின்பக்கத்தைத் திருப்பி, பேனையோடு என் மடியில் வைத்தார். "கீறும், பாப்பம்."

எங்கள் ஆட்கள் பயணத்துக்குப் பாதை போடும் முறை எல்லோருக்கும் ஒன்றுதான். முதலில் எந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது. பிறகு அந்த வீடுகளைக் கோட்டால் இணைப்பது. அந்தக் கோடுதான் பாதை. ஒரு ஊரைத் தாண்டிப் போகும்போது அங்கே இருக்கிற சொந்தத்தின் வாசலை மிதிக்காமல் போனால், அடுத்த கொண்டாட்டத்தில் அவர்கள் எங்களைக் காணாத மாதிரி நிற்பார்கள். நானும் அப்படியே கீறினேன். சார்புருக்கனில் மனைவியின் தம்பி; அதுவரை ரயில். பிராங்பேர்ட்டில் சித்தப்பாவின் மகன். கொலோனில் பள்ளித் தோழன். கடைசியில் வூப்பெற்றாலில் என் அக்கா.

ஒவ்வொருவருக்கும் அழைப்பெடுத்தேன். "உங்கடை வீட்டிலை இருந்து அடுத்த வீட்டுக்கு எவ்வளவு தூரம்?"

"அது என்ன, ரெண்டு மணித்தியாலம்," என்றான் மைத்துனன். சித்தப்பாவின் மகனும் இரண்டு மணித்தியாலம் என்றான். கொலோன்காரன், "அக்கா வீடோ? முக்கால் மணித்தியாலம்," என்றான்.

எழுதிக்கொண்டேன். ஆனால் நான் என்ன முட்டாளா? அவர்கள் சொன்னது கார்க்கணக்கு என்பது எனக்குத் தெரியும். கார் வேறு, சைக்கிள் வேறு. ஆகவே எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினேன். நாளுக்கு நாலு மணித்தியாலம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளிக்கிட்டால் மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த வீடு. சலூன்காரர் பார்த்துவிட்டு, "வடிவாய்க் கிடக்கு," என்றார். அவர் வாழ்க்கையில் சைக்கிள் ஓடியது கடைக்கும் வீட்டுக்கும் இடையில்தான் என்பதை நான் கேட்டறிந்திருக்கவேண்டும்.

அதற்குள் மனைவி நாலு வீட்டுக்கும் அழைப்பெடுத்து நாளையும் சொல்லிவிட்டாள். அக்கா இரண்டு கிலோ ஆட்டிறைச்சி வாங்கி உறையவைத்துவிட்டதாகச் செய்தி வந்தது.

அடுத்த ஞாயிறு மகளுக்கு முன்னால் கலண்டரைப் பெருமையாக விரித்தேன். அவள் கைத்தொலைபேசியை எடுத்தாள்.

"இந்த இரண்டாம் நாள் எத்தனை கிலோமீற்றர் தெரியுமா?"

"நாலு மணித்தியாலம்."

"இருநூறு கிலோமீற்றர்."

"உன்ரை மாமன் ரெண்டு மணித்தியாலம் எண்டவன்!"

"மாமா நெடுஞ்சாலையில் பறக்கிறவர். நாங்கள் மணிக்கு ஐம்பது கிலோமீற்றர் மிதிக்கவேண்டுமா?"

குசினிக்குள்ளிருந்து மனைவியின் சிரிப்புக் கேட்டது. "இஞ்சருங்கோ, சைக்கிளுக்கு என்ன எண்ணெய் ஊத்துவியள்?"

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குள் எனக்கு வியர்த்தது. மகள் கலண்டரை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாட்டுப்புறம் எங்கே?" என்று கேட்டாள்.

நானும் பார்த்தேன். நாலு நகரங்கள். நாலு அடுக்குமாடி வீடுகள். நாலு சோபாக்கள். நாட்டுப்புறம் என்பது எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லாத இடம். அதை எங்கள் முறைப்படி கோடு போட்டுப் பிடிக்கவே முடியாது.

அவள் கலண்டரை மடித்து என் பக்கம் தள்ளினாள். பிறகு தமிழில் சொன்னாள். அவள் தமிழில் பேசினால் வீட்டில் எல்லோரும் கையில் இருப்பதைக் கீழே வைப்போம்.

"அப்பா, நான் உங்களோடை போகத்தான் கேட்டனான். மாமி வீட்டை போகக் கேக்கேல்லை."

ஜூன் நடுப்பகுதிக்கு மூன்று கிழமை இருந்தது.

அடுத்த நாள் கலண்டரைச் சலூன் குப்பைக்கூடையில் போட்டேன். நிஜமான வரைபடம் ஒன்று வாங்கினேன், காகிதத்தில், ஆறெல்லாம் நீலமாகத் தெரிகிற மாதிரி. சென் தெனி சந்தைக்குப் பின்னால் ஒருவரிடம் பழைய சைக்கிள் ஒன்றும் எடுத்தேன். கூப்பூரின் மூன்று மணித்தியாலத்தை இரண்டாகப் பிரித்தேன்: பாதி மிதிப்பு, பாதி கீறல்.

முதல் நாள் மிதிப்பு வில்லெத்திலிருந்து கால்வாய்க் கரையால் சென் தெனி வரை. ஏழு கிலோமீற்றர்கூட இல்லை. பாதி வழியில் என்னை ஒரு தாய் முந்தினாள், பிள்ளையைப் பெட்டியில் இழுத்துக்கொண்டு. பிள்ளை எனக்குக் கை காட்டியது. பாலத்தடியில் இரண்டு பொலிஸ்காரர் நின்றதைக் கண்டதும் என் கால்கள் தாமாகவே இறங்கி, சைக்கிளை உருட்டத் தொடங்கின. ஒரு குற்றமும் செய்யவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தும் எவ்வளவோ காலம். ஆனால் கால்களுக்கு அதை யாரும் அறிவிக்கவில்லைப் போலிருக்கிறது. அவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை. ஒருவர் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திரும்பும்போது சைக்கிளையும் என்னையும் ரயிலில் ஏற்றினேன். அன்று இரவுச் சேவை முழுக்க என்னால் எதன் மேலும் குந்தியிருக்க முடியவில்லை. நல்ல காலம், சமையலறையில் எல்லோரும் நின்றே வேலை செய்வதால் விஷயம் வெளியே தெரியவில்லை.

மறுநாள் சலூனிலும் நின்றேன். "என்ன, இரும் தம்பி," என்றார் சலூன்காரர், ஒன்றுமறியாதவர் மாதிரி.

ஆனாலும் போனேன். ஒவ்வொரு நாளும். இரண்டாம் கிழமை அதே தாயை நான் முந்தினேன். அன்று பெட்டிக்குள் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள் என்பதை இங்கே சொல்லாமல் விடலாம்தான்.

வரைபடத்தில் மோசல் ஆற்றைப் பிடித்தேன். ஆறு ஓடுகிற திசையில் போனால் பெரிய ஏற்றம் இருக்காது. என் பயம் கண்டுபிடித்த ஒரே நல்ல விஷயம் அது. மெட்ஸ் வரை ரயில். பிறகு ஆற்றோடு வடக்கே, எல்லையைத் தாண்டி, ட்ரியர் நகரத்தைத் தொட்டு, திராட்சைச் சரிவுகளுக்குக் கீழால், கோப்லென்ஸ் வரை. நாளுக்கு நாற்பத்தைந்து கிலோமீற்றருக்கு மேல் இல்லை. ஒவ்வொரு பின்னேரமும் கூடாரம் அடிக்க ஓர் இடம். பாதைக்குக் கிட்ட எங்கெங்கே ரயில் நிலையம் இருக்கிறது என்று சிவப்புப் புள்ளி வைத்தேன், நான் விழுந்தால் ஏற்றி அனுப்ப. எல்லைக்குப் பக்கத்தில், அக்கரையில், ஷெங்கன் என்று எழுதியிருந்தது. நாங்கள் எல்லோரும் விசாவாக மட்டும் அறிந்த சொல், இத்தனை காலமும் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊராக இருந்திருக்கிறது. சலூன்காரருக்குக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டுப் பார்த்தார். "இதுக்கே அந்தப் பாடு பட்டனாங்கள்?" என்றார்.

மிச்சமிருந்தது ஒன்று. நாலு வீட்டுக்கும் வரவில்லை என்று சொல்வது. முந்நூறு கிலோமீற்றர் மிதிப்பதைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது. மூன்று பேரைச் சமாளித்தேன். அக்காவுக்கு மட்டும் பொய்களை வரிசையாக, சலூனின் இன்னொரு பழைய கலண்டர்த் தாளில் எழுதி வைத்தேன்: விடுமுறை வெட்டிவிட்டார்கள், முழங்கால் வீக்கம், சைக்கிள் களவு போய்விட்டது. சலூனுக்கு வெளியே, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழைப்பெடுத்தேன்.

"டேய், இறைச்சி கிடக்கு. உனக்கு எலும்போடை வேணுமோ, தனி இறைச்சியோ?"

"அக்கா... நாங்கள் உங்கடை பக்கம் வரேல்லை."

"என்ன?"

தாளைப் பார்த்தேன். முழங்கால் வாய்வரை வந்தது. ஆனால் வேறொன்றைச் சொன்னேன்.

"பிள்ளை என்னோடை தனிய ஒரு கிழமை போகக் கேக்கிறாள். ஆத்தங்கரையாலை. ஒருத்தற்றை வீட்டையும் போகாமல்."

அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம். பிறகு அது நின்றது.

"அவளே கேட்டவள்? தன்ரை வாயாலை?"

"ஓம். தமிழிலை கேட்டவள்."

"பிறகேன் விசரா என்னோடை கதைச்சுக்கொண்டு நிக்கிறாய்? போ. இறைச்சி எங்கையும் ஓடாது." குழாயைத் திரும்பத் திறந்தபடி, "ஆத்திலை எந்தக் கரையாலை வருவியள்?" என்றாள்.

"ஏனக்கா?"

"சும்மாதான். ஒரு சோத்துப் பார்சலோடை வந்து நிண்டால் என்ன, குறைஞ்சா போவியள்?"

வலக்கரை என்றேன். நாங்கள் பெரும்பாலும் இடக்கரை. கடைசியில் ஒரு பொய்யாவது சொல்லாமல் அக்காவோடு பேசி முடித்ததாக எனக்குச் சரித்திரம் இல்லை.

ஜூன் நடுப்பகுதிக்கு இரண்டு நாள் முன்னால் வரைபடத்தை மேசையில் விரித்தேன். மகள் ஒவ்வொரு நாளாக விரலை ஓட்டிப் போனாள். மூன்றாம் நாள் ஓரிடத்தில் பாதை கரை மாறுகிறது என்று திருத்தினாள். சிவப்புப் புள்ளிகள் என்னவென்று கேட்டாள், சொன்னேன், சிரிக்காமல் இன்னும் இரண்டு புள்ளி சேர்த்தாள். பிறகு கைத்தொலைபேசியில் எதையோ அழுத்தி எனக்குக் காட்டினாள். பாரிஸ் – மெட்ஸ். இரண்டு ஆட்கள், இரண்டு சைக்கிள்கள்.

நான் கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அங்கே நின்றால் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள்.

புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் அவள் குசினித் தராசை எடுத்து எல்லாப் பொருட்களையும் நிறுத்து, பட்டியல் எழுதினாள். என் பையின் அடியில் ஒரு தடித்த பிளாஸ்டிக் கோப்பு வந்தது. ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம்.

"இது என்ன?"

"பேப்பருகள்."

திறந்தாள். குடும்பப் புத்தகம், பழைய அகதி அட்டையின் பிரதி, வீட்டு ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மின்சாரக் கட்டணச் சீட்டு.

"திராட்சைத் தோட்டத்துக்குள் மின்சாரச் சீட்டை யார் கேட்பார்கள்?"

"கேக்கமாட்டினம். கேட்டால்?"

அவள் கோப்பை மூடி, தராசுக்கு வெளியே வைத்தாள். பாஸ்போட்டை மட்டும் எடுத்து என் சட்டைப் பையில் செருகினாள். நான் எதிர்க்கவில்லை.

காலையில், ரயிலுக்கு வெளிக்கிட முன், கடைசியாக ஒருமுறை என் பை ஒவ்வொன்றையும் தராசில் வைத்தாள். முன்பக்கச் சின்னப் பையில் முப்பது கிராம் கூடியிருந்தது. இரவு எல்லோரும் படுத்த பிறகு, கோப்பிலிருந்து மின்சாரச் சீட்டையும் அகதி அட்டைப் பிரதியையும் எடுத்து நான் அதற்குள் வைத்திருந்தேன். அதை அவள் திறந்து பார்க்கவில்லை. பட்டியலை எடுத்தாள், கடைசி வரிக்குக் கீழே பிரெஞ்சில் எழுதினாள்: அப்பாவின் பயம், முப்பது கிராம். பிறகு சைக்கிளை மின்தூக்கிக்குள் நிமிர்த்தி ஏற்றி, கதவை எனக்காகக் காலால் பிடித்துக்கொண்டு நின்றாள்.