ஆமினா லாத்தாவின் நண்டு

தலைப்புச் செய்தி: எங்கள் தெருப் பூனை மூன்று குட்டிகளை ஈன்றுள்ளது. தாயும் சேய்களும் நலம். தகப்பன் வழக்கம்போலத் தலைமறைவு.

போன வெள்ளிக்கிழமை காலையில் இதை ஆமினா லாத்தாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, டிக் நீலமாவதற்குக் காத்திருந்தேன். உம்மா அடுப்படியிலிருந்து வந்தார். “ஏலே, போனை வை. லாத்தா மவுத்தாயிட்டாகளாம்.” நான் செய்தி அனுப்பும் முன்பே அவர் இறந்துபோயிருந்தார்.

அறுபது தாண்டியும் திருப்பாலைக்குடிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அவர் லாத்தாதான், அக்காதான். உள்ளூர் கேபிளில் ‘நண்டுச் செய்திகள்’ பார்த்து வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிவப்புத் துணி நண்டு, கண்ணுக்கு இரண்டு கோட்டுப் பட்டன். பிள்ளைகள் அனுப்பும் செய்திகளைச் சிரிக்காமல் வாசிக்கும். உள்ளே லாத்தாவின் கை.

கல்யாண ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவர், கேபிள் தெரியவில்லை என்று சண்டை போடப் போன ஆபீசிலேயே வேலைக்குச் சேர்ந்தார். காணாமல்போன ஆடுகளுக்கு அறிவிப்பு வாசித்தார், சமையல் நிகழ்ச்சி நடத்தினார், கேமரா பிடித்தார். பிறகுதான் மிச்சத் துணியில் நண்டு பிறந்தது. ஆட்கள் கேபிளை மறந்தபோது அது யூடியூபுக்கு ஊர்ந்தது. “எனக்கும் நண்டுக்கும் ஒரே நடைதான். பக்கவாட்டுலயே போயி ஊரச் சுத்திட்டோம்” என்பார்.

ஆர்.எஸ்.மங்கலத்துப் பிள்ளை ஒருத்தி, கண்மாயில் வாத்து எட்டுக் குஞ்சு பொரித்ததாக எழுதியிருந்தாள். லாத்தா பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நண்டு வாசித்தது: “குஞ்சுகள் ஒன்பது. ஒன்று தாய்க்கு அடியில் இருந்தது.”

என் பெருமையையும் சொல்லிவிடுகிறேன். கடைசி ஆறு வருடமாக நண்டுக்குக் குரல் நான்தான். என் குரல் உடைந்தபோது நண்டுக்கும் உடைந்தது. என் குரல்வளம் கேட்டு லாத்தாவே வந்து அழைத்தது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிவித்தவனும் நானே.

அதற்குச் சற்று முன்னால் நண்டுக்கு ஒரு கண்டம் வந்தது. ஊரே பெரியவர்களுக்கு ஐஸ் வைக்கும். யாரோ ஒரு குறும்பன் ஐஸ்காரருக்கே வேட்டு வைத்தான். ஐஸ் மாமாவின் குரலில் லாத்தாவுக்குப் போன் செய்து, “நாளைக்கு எனக்குப் பொறந்தநாள், பிள்ளைகளுக்கு ஐஸ் சும்மா” என்றான். நண்டு அதை வாசித்தது. மறுநாள் வண்டியைப் பிள்ளைகள் மொய்த்ததில் பெட்டி மூடியே உடைந்துபோனது.

கேபிள் முதலாளி லாத்தாவையும் ஐஸ் மாமாவையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். “இனிமே நண்டு வேணாம் லாத்தா. பாட்டு போட்டுக்கலாம்.”

“போன் போட்டது யாருன்னு தேட வேணாம். வண்டிக்கு நேர்ல போயி கேக்காதது என் தப்பு. அடுத்த வாரம் நண்டு மன்னிப்பு கேக்கும். அப்பவும் ஆளுக ஏசுனா நிறுத்திக்கங்க.”

மூடியை மடியில் வைத்திருந்த ஐஸ் மாமா தலை நிமிர்ந்தார். “நண்டு எங்கிட்ட கேக்குமா?”

“உங்ககிட்டதான். டிவியில.”

“அப்பச் சட்டையத் தேச்சுப் போட்டுட்டு வாரேன்.”

நிகழ்ச்சி பிழைத்தது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ஜன்னலுக்கு வெளியே டிஷ்ஷுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். அந்தக் குறும்பன் நான்தான். வெளியே வந்த லாத்தா நேராக என்னிடம் வந்தார். “அங்கன என்னலே பண்ற? மாமா மாதிரி நல்லாத்தான் பேசுன. நண்டு மாதிரி பேச வருமா? வா, மன்னிப்ப நீயே வாசி.” என் குரல்வளத்துக்கு அழைப்பு வந்த கதை இவ்வளவுதான். என் பேரை அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

நண்டை அவர் மகள் என்னிடம் கொடுத்துவிட்டார். அது என்னிடமே இருக்கும். ஆனால் அன்று மன்னிப்புக் கேட்டது நண்டுதான்; நான் இன்னும் கேட்கவில்லை. ஐஸ் மாமா, நாளைச் சாயங்காலம் வண்டிக்கு நேரில் வருகிறேன். நண்டு வராது.